காரின் பின் கண்ணாடி உடைந்தால்: மாற்றும் வேலை, செலவு, இன்சூரன்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் கார் கண்ணாடி மாட்டும் வேலை செய்கிறேன். கீழே உள்ளவை எல்லாம் வண்டியோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள். முன் கண்ணாடியில் கீறல் விழுந்தால் மக்கள் நாலு நாள் கழித்து நிதானமாக வருவார்கள். பின் கண்ணாடி அப்படியில்லை. ஒரு சத்தம், அடுத்த நொடி பின் சீட்டு முழுக்கக் கண்ணாடித் துண்டு. அந்தப் பதற்றத்திலேயே க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்த வருடம் பிரீமியம் நோட்டீஸ் வரும்போதுதான் பலர் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பின் கண்ணாடி மட்டும் ஏன் இப்படித் துண்டு துண்டாகிறது?

முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் ஒரே பொருள் இல்லை. முன்னால் இருப்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அடிபட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும், ஆனால் இடத்திலேயே நிற்கும். பின்னால் இருப்பது பெரும்பாலான கார்களில் டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்று அடித்து ஆற வைப்பார்கள். அதனால் வெளிப்பரப்பு இறுகி அழுத்தத்திலும், உள்பகுதி இழுவிசையிலும் நிற்கும். சாதாரண கண்ணாடியைவிடப் பல மடங்கு உறுதி. ஆனால் எங்காவது ஒரு இடத்தில் அந்தச் சமநிலை குலைந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் சிதறிவிடும். துண்டுகள் கல்கண்டு அளவில், முனை மழுங்கி விழும். கத்தி மாதிரி நீளமான சில்லுகள் கழுத்தில் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள்.

ஒட்டிச் சரிசெய்ய முடியாதா? முன் கண்ணாடியில் செய்கிறார்களே?

முடியாது. முன் கண்ணாடியில் சின்ன குழி விழுந்தால் பிசின் ஏற்றி நிறுத்தலாம். டெம்பர்டு கண்ணாடியில் விரிசல் என்று ஒன்று நிற்கவே நிற்காது. மாற்றுவது ஒன்றுதான் வழி.

யாரும் அடிக்கவில்லை. நிறுத்தி வைத்த வண்டியில் தானாகவே உடைந்துவிட்டது. அது எப்படி?

இதை நம்ப முடியாமல்தான் பலர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் நடக்கக்கூடியதுதான். டெம்பர்டு கண்ணாடிக்கு நடுப்பகுதி பலம், ஓரம்தான் பலவீனம். என்றைக்கோ ஓரத்தில் விழுந்த ஒரு சின்ன சிராய்ப்பு மாதக்கணக்கில் அப்படியே இருந்து, மே மாத வெயிலில் கண்ணாடி கொதித்துக்கொண்டிருக்கும்போது உயிர் பெற்றுவிடும். வெயிலில் நின்ற வண்டிமீது பச்சைத் தண்ணீர் பீய்ச்சுவதும் அப்படித்தான். டிக்கிக்குள் சாமான்களைத் திணித்து, கதவு மூடாமல் ஓங்கி அடிப்பவர்கள் நிறைய. சூட்கேஸின் மூலை கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டால் போதும். முன்பு ஒருமுறை பின்னால் இடிபட்ட வண்டி என்றால், டிக்கி சட்டம் சற்று முறுக்கிக்கொண்டு கண்ணாடியை நாளெல்லாம் அழுத்திக்கொண்டிருக்கும். மிக அரிதாக, கண்ணாடி செய்யும்போதே உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள் காலப்போக்கில் விரிந்தும் உடைக்கும்.

உடைந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓரமாக நிறுத்துங்கள். எதையும் துடைக்கும் முன் படம் எடுங்கள்: நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒன்று, உடைந்த இடம் நெருக்கத்தில் இரண்டு, சீட்டில் சிதறிய துண்டுகள், உள்ளே கல்லோ கிளையோ கிடந்தால் அதுவும். பெருக்கித் தள்ளிவிட்டு அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

அதற்குப் பிறகு கையுறையோ தடித்த துணியோ சுற்றிக்கொண்டு, சட்டத்தில் தொங்கும் துண்டுகளை உள்பக்கம் விழாமல் வெளியே எடுங்கள். பின் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். டிக்கியை ஓங்கி மூட வேண்டாம். டிக்கி கதவின் உள்பொந்தில் விழுந்திருக்கும் துண்டுகள் வைப்பர் மோட்டாருக்குள்ளும் பூட்டுக்குள்ளும் போய்விடும்.

மழைக்காலமாக இருந்தால் தடித்த பாலிதீன் ஷீட்டை மாஸ்கிங் டேப்பால் ஒட்டலாம். பழுப்பு நிற பார்சல் டேப்பைப் பெயின்ட் மேல் ஒட்டாதீர்கள். ஒரு நாள் வெயில் பட்டால் அதன் பசை பெயின்ட்டோடு பிடித்துக்கொள்ளும். அதை எடுக்கும் வேலை சில சமயம் கண்ணாடி மாட்டுவதைவிடப் பெரிதாகிவிடும்.

கண்ணாடி இல்லாமலே ஒர்க்ஷாப் வரை ஓட்டலாமா?

பக்கத்தில் என்றால் மெதுவாக ஓட்டி வரலாம். ஆனால் ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஹேட்ச்பேக், எஸ்யூவி மாதிரி வண்டிகளில் பின்பக்கம் திறந்திருந்தால், ஓடும்போது வண்டிக்குப் பின்னால் உருவாகும் காற்றுச் சுழல் சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அதற்கு மணம் கிடையாது. முன் ஜன்னல்களை இறக்கி விட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஏசி ஊதியை வெளிக்காற்றில் வையுங்கள். திருச்சியில் உடைந்தது, சென்னை வரை அப்படியே வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உடைந்த ஊரிலேயே ஷீட்டாவது கட்டிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

மாடலுக்கு மாடல், ஒரே மாடலிலும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். நான் வழக்கமாகப் பார்க்கும் பில்களை வைத்துத் தோராயமாகச் சொல்கிறேன். சின்ன ஹேட்ச்பேக் என்றால் கண்ணாடி மட்டும் 3,000 முதல் 7,000 ரூபாய். செடான் 5,000 முதல் 12,000. எஸ்யூவி, எம்பிவி 7,000 முதல் 18,000. வெளிநாட்டு சொகுசுக் கார்கள் 40,000-இல் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். இதோடு மாட்டும் கூலி, சீலன்ட் என்கிற ஒட்டுப் பசை, கிளிப்புகள், தேவைப்பட்டால் பீடிங் என்கிற ஓரத்து ரப்பர், எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி.

விலையை ஏற்றுவது கண்ணாடியின் அளவு மட்டும் இல்லை. கண்ணாடியில் படரும் பனியைப் போக்கும் டீஃபாகர் கம்பிக் கோடுகள் இருக்கிறதா, ரேடியோ ஆன்டெனா கண்ணாடிக்குள்ளேயே அச்சிடப்பட்டிருக்கிறதா, வைப்பருக்கு ஓட்டை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் விலை கூடும். அதனால்தான் போனில் மாடல் பெயரை மட்டும் சொல்லி விலை கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். பேஸ் வேரியன்ட் கண்ணாடியைக் கொண்டுவந்து டாப் வேரியன்ட் வண்டியில் மாட்டி, டீஃபாகர் ஒயர் இணைக்க இடமில்லாமல் தொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஷோரூம் கண்ணாடிதான் வாங்க வேண்டுமா? வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

கார் கம்பெனிகளே கண்ணாடி செய்வதில்லை. செயின்ட் கோபைன் செக்யூரிட், ஏஐஎஸ் என்கிற அசாஹி இந்தியா போன்ற நிறுவனங்கள்தான் செய்து கொடுக்கின்றன. ஆகவே ஷோரூமுக்கு வெளியே வாங்குவது என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், ஐஎஸ்ஐ முத்திரை, பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 என்ற எண் இருக்க வேண்டும். முத்திரையே இல்லாத கண்ணாடியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் மாட்டித் தருவதில்லை. அது சரியாக டெம்பர் ஆகியிருக்கிறதா என்பது உடையும் நாளில்தான் தெரியும்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கண்ணாடி எடுக்கலாமா?

பழைய மாடல், கம்பெனியே உற்பத்தியை நிறுத்திவிட்ட வண்டி என்றால் புதுப்பேட்டைதான் கைகொடுக்கும். ஒரிஜினல் கண்ணாடி பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். வாங்கும்போது ஓரங்கள் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சின்ன சிராய்ப்பு இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். டீஃபாகர் இணைப்பு முனைகள் பெயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புதுக் கண்ணாடியும் பீடிங்கும் வேண்டும் என்றால் ஜி.பி. ரோடு பக்கம் விசாரிக்கலாம்.

என் இன்சூரன்ஸில் இது வருமா?

உங்கள் பாலிசியில் ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி இருந்தால் வரும். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான வெறும் தேர்டு பார்ட்டி என்றால் வராது. இதில் ஒரு சிக்கல் உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களுக்கு மூன்று வருடத் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். பாலிசித் தாளில் மூன்று வருடத் தேதியைப் பார்த்துவிட்டு, எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று நம்பி வருகிறார்கள். ஓன் டேமேஜ் முடிந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். இரண்டு தேதிகளும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஓன் டேமேஜ் இருந்தால் சாலையில் கல் தெறித்தது, மரக்கிளை விழுந்தது, புயல், வெள்ளம், கலவரம், வேண்டுமென்றே யாராவது உடைத்தது, திருட்டு முயற்சி எல்லாமே அடங்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது மரம் விழுந்து கண்ணாடி போன வண்டிகள் சென்னையில் ஏராளம். அவை எல்லாம் இந்தப் பகுதிக்குள் வருபவைதான். வண்டிக்குள்ளிருந்து திருடுபோன லேப்டாப்புக்கு மோட்டார் பாலிசியில் பணம் கிடைக்காது. உடைந்த கண்ணாடிக்கு மட்டும்தான்.

ஜீரோ டெப் இல்லாவிட்டால் பாதிப் பணம்தான் கிடைக்கும் என்கிறார்களே?

தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்தான் ஜீரோ டெப். கண்ணாடிக்குப் பாதிப் பணம் என்பது பொருந்தாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் ஃபைபருக்கு 30 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. பத்து வருட வண்டியாக இருந்தாலும் கண்ணாடியின் முழு விலையும் கணக்கில் வரும்.

கழிப்பது வேறு சில: பீடிங் ரப்பர் என்பதால் பாதி உங்கள் தலையில். சீலன்ட், பிரைமர் என்கிற அடிப்பூச்சு போன்று வேலையில் தீர்ந்துபோகும் பொருட்கள், அவற்றுக்கான கன்ஸ்யூமபிள்ஸ் கவர் இல்லாவிட்டால் பெரும்பாலும் உங்கள் செலவு. அப்புறம் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை: 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். பிரீமியத்தைக் குறைக்க நீங்களே விருப்பக் கழிவு எடுத்திருந்தால் அதுவும் சேரும். பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் அதைப் போட்டுவிட்டதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

சரி, க்ளெய்ம் போடலாமா, கையிலிருந்தே கொடுத்துவிடலாமா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் நோ க்ளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி கிடைக்கும். முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருடம் 50. ஒரே ஒரு க்ளெய்ம் போட்டாலும், அது 3,000 ரூபாய் கண்ணாடியாக இருந்தாலும், அடுத்த ரினியூவலில் இது பூஜ்யத்துக்கு வந்துவிடும். மறுபடி 20-இலிருந்து ஏற வேண்டும்.

உங்களுக்கு இப்போது 35 சதவீதம் கிடைக்கிறது, தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி பில் 7,000.

க்ளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருடம் 45 சதவீதத் தள்ளுபடி, கட்ட வேண்டியது 5,500. போட்டால் தள்ளுபடி இல்லை, 10,000. வித்தியாசம் 4,500. இரண்டாம் வருடம் 50 சதவீதத்துக்குப் பதில் 20, அதாவது 5,000-க்குப் பதில் 8,000. வித்தியாசம் 3,000. மூன்றாம் வருடம் 25 சதவீதம் என்பதால் 2,500. நான்காம் வருடம் 1,500. ஐந்தாம் வருடம் 500. ஆறாவது வருடம்தான் இரண்டும் சமமாகும். கூட்டினால் 12,000 ரூபாய். வண்டி பழசாக ஆக அதன் மதிப்பும் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரலாம். ஆனால் 7,000 ரூபாய் பில்லில் கழிவெல்லாம் போக கம்பெனி தரப்போவது சுமார் 5,500. அதற்காக ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கை இழக்கிறீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. இந்தப் பாலிசி வருடத்தில் ஏற்கனவே ஒரு க்ளெய்ம் போட்டிருந்தால் போனஸ் எப்படியும் போய்விட்டது, கண்ணாடிக்குத் தாராளமாகப் போடலாம். புது வண்டி, போனஸ் ஏணியில் இன்னும் ஏறவே ஆரம்பிக்கவில்லை என்றால் இழப்பு குறைவு. பில் 25,000-ஐத் தாண்டுகிறது, அல்லது கண்ணாடியோடு டிக்கி கதவும் பம்பரும் நசுங்கியிருக்கிறது என்றாலும் யோசிக்க வேண்டியதில்லை. நோ க்ளெய்ம் போனஸைக் காக்கும் என்சிபி புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் போனஸைத் தொடாமல் க்ளெய்ம் போடலாம். ஆனால் எத்தனை க்ளெய்ம் வரை, எந்த மாதிரி க்ளெய்ம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பாலிசித் தாளில் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சில ஒர்க்ஷாப்புகளில் "சார், இன்சூரன்ஸ்தானே, போட்டுவிடலாம்" என்று படிவத்தை நீட்டுவார்கள். பிரீமியம் கட்டப்போவது நீங்கள். எஸ்டிமேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், போன வருட பிரீமியம் ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள். பத்து நிமிடம் ஆகாது.

க்ளெய்ம் போடுவது என்று முடிவு செய்தால் எப்படிப் போவது?

வேலையைத் தொடங்கும் முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லி க்ளெய்ம் நம்பர் வாங்குங்கள். மாட்டிய பிறகு சொல்வதுதான் பணம் மறுக்கப்படுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம். கண்ணாடி மாதிரிச் சின்ன தொகைக்குப் பெரும்பாலும் செயலி வழியாகப் படமோ வீடியோவோ அனுப்பினாலே ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. சில சமயம் ஆள் வந்து பார்ப்பார். ஆர்சி, ஓட்டியவரின் லைசென்ஸ், பாலிசி நகல், க்ளெய்ம் படிவம், எஸ்டிமேட் இவை போதும்.

கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்ஷாப் என்றால் கேஷ்லெஸ், உங்கள் பங்கை மட்டும் கட்டலாம். வெளியே மாட்டினால் முழுதும் கட்டி, ஜிஎஸ்டி பில்லையும் கேன்சல் செய்த காசோலையையும் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். எப்படி உடைந்தது என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "காலையில் வந்து பார்த்தபோது உடைந்திருந்தது" என்பதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள். கல் விழுந்தது என்று கதை கட்டி, படத்தில் கல்லின் தடமே இல்லாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

போலீஸில் புகார் தர வேண்டுமா?

சாலையில் கல் தெறித்தது, கிளை விழுந்தது போன்றவற்றுக்குப் பொதுவாகக் கேட்பதில்லை. திருட்டு, வேண்டுமென்றே உடைத்தது, கலவரம் என்றால் கேட்பார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவு போதுமா, எஃப்ஐஆர் வேண்டுமா என்று கம்பெனியிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

பின்னால் வந்த வண்டி இடித்து உடைந்தது. அவர் இன்சூரன்ஸில் வாங்க முடியாதா?

சட்டப்படி முடியும். அவருடைய தேர்டு பார்ட்டி பாலிசியில் அடுத்தவர் சொத்துக்கு 7.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் அதற்கு எஃப்ஐஆர் போட்டு, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போய் வழக்கு நடத்த வேண்டும். 7,000 ரூபாய் கண்ணாடிக்காக யாரும் அந்தப் பாதையில் போவதில்லை. இடித்தவர் நியாயமானவராக இருந்தால் அங்கேயே பேசி, எஸ்டிமேட் தொகையை வாங்கிக்கொள்வதுதான் நடைமுறை. அப்படி வாங்கிக்கொண்ட பிறகு அதே கண்ணாடிக்கு உங்கள் கம்பெனியிடமும் க்ளெய்ம் போடக் கூடாது.

க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். அடுத்து?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

மாட்டும் வேலை எவ்வளவு நேரம்? அதில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு மணி நேரத்திலிருந்து அரை நாள் வரை. அம்பாசிடர், மாருதி 800 காலத்து வண்டிகளில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும். கயிறு போட்டு இழுத்து மாட்டினால் முடிந்தது. இப்போதைய வண்டிகளில் பாலியூரிதீன் சீலன்ட்டால் கண்ணாடி உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. வேலையின் தரம் முழுக்க அந்த ஒட்டில்தான்.

வைப்பர், பிரேக் லைட், உள் டிரிம் எல்லாவற்றையும் கழற்றி, பொந்துக்குள் விழுந்த கண்ணாடியை உறிஞ்சி எடுக்க வேண்டும். பழைய சீலன்ட்டை அடியோடு சுரண்டக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுவைத்து, அதன் மேல்தான் புதியதைப் போட வேண்டும். பழைய சீலன்ட்டோடு புதியது நன்றாகப் பிடிக்கும். அவசரத்தில் கத்தி ஆழமாகப் போய்ப் பெயின்ட் கீறி இரும்பு தெரிந்தால், அங்கே பிரைமர் பூசியே ஆக வேண்டும். பூசாமல் மேலே சீலன்ட் போட்டு மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. நம் கடற்கரைக் காற்றில் இரண்டு மழைக்காலம் போனால் உள்ளுக்குள்ளேயே துரு ஏறி, ஒட்டு தூக்கிக்கொள்ளும். தொழிலுக்கு வந்த புதிதில் இதன் முக்கியத்துவம் தெரியாமல் ஒரு வண்டியில் விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து அந்த வண்டி தண்ணீர் ஒழுகித் திரும்பி வந்தது. என் செலவில் கழற்றி, துருவைத் தேய்த்து, மறுபடி மாட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பிரைமர் டப்பாவைக் கஸ்டமர் கண்ணில் படும் இடத்தில்தான் வைக்கிறேன்.

நீங்கள் பக்கத்தில் நிற்கலாம். கேட்கவும் செய்யலாம். என்ன சீலன்ட் என்று கேளுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது குளியலறைக்குப் போடும் சிலிக்கான். அது கார் கண்ணாடியைத் தாங்காது, இரும்பையும் அரிக்கும். மழை தூறும்போது வெட்டவெளியில் வைத்து ஒட்டச் சம்மதிக்காதீர்கள்.

மாட்டிய பிறகு என்ன செய்யக் கூடாது?

சீலன்ட் தயாரித்தவர் சொல்லும் நேரம் வரை வண்டியை எடுக்காதீர்கள். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்குப் பல மணி நேரம். முதல் ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கி வையுங்கள். எல்லா ஜன்னலும் மூடியிருக்கும்போது கதவை ஓங்கி அடித்தால் உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். இரண்டு நாளைக்கு வாட்டர் வாஷ் வேண்டாம். புதுக் கண்ணாடியைப் பிடித்து நிறுத்த ஒட்டிய டேப்பை மறுநாள் வரை எடுக்க வேண்டாம். பாலியூரிதீன் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. அந்த வகையில் சென்னைக் காற்று நமக்குச் சாதகம்.

தண்ணீர் ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு நாள் கழித்து, ஓரங்களில் உள்பக்கமாக டிஷ்யூ பேப்பரை வைத்துவிட்டு, வெளியே சாதாரண குழாய்த் தண்ணீரை மேலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஸ்டெப்னி வைக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். ஒழுகும் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான்.

டீஃபாகர் நம் ஊருக்கு எதற்கு? அது இல்லாத கண்ணாடியே போதாதா?

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சமவெளியிலும் ஐப்பசி மழையில் நாலைந்து பேர் ஏறி ஏசி போட்டால் பின்னால் ஒன்றுமே தெரியாது. வண்டியில் இருந்தால் இருப்பதையே மாட்டுங்கள். வேலை முடிந்ததும் சுவிட்சைப் போட்டு, கண்ணாடியில் வாயால் ஊதிப் பனி படர வைத்துப் பாருங்கள். கோட்டை ஒட்டித் தெளியத் தொடங்கினால் வேலை செய்கிறது. ஒரு கோடு மட்டும் அறுந்திருந்தால் வெள்ளிப் பெயின்ட் வைத்து இணைக்கலாம், கண்ணாடியை மாற்றத் தேவையில்லை. உள்பக்கத்தைப் பிளேடால் சுரண்டாதீர்கள், கோடுகள் பெயர்ந்துவிடும்.

புதுக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டலாமா?

மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஊடுருவ வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. பிறகு விதி திருத்தப்பட்டது. அந்த அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்ச் சாலையில் போலீஸ் நிறுத்தினால் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கறுப்பு ஃபிலிம் வேண்டவே வேண்டாம். உடைந்த கண்ணாடியில் இருந்த ஃபிலிமுக்கு இன்சூரன்ஸில் பொதுவாகப் பணமும் தருவதில்லை.

ஃபாஸ்டேக், கேமரா எல்லாம் மாற்ற வேண்டுமா?

ஃபாஸ்டேக் முன் கண்ணாடியில் இருப்பதால் கவலை இல்லை. ரிவர்ஸ் கேமரா பெரும்பாலும் நம்பர் பிளேட் பக்கம் இருக்கும், அதற்கும் ஒன்றும் ஆகாது. ஒயர்களைக் கழற்றி மாட்டியிருப்பதால், வண்டி எடுக்கும் முன் பிரேக் லைட், வைப்பர், ரேடியோ, கேமரா எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாட்டி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் சீட்டிலிருந்து கண்ணாடித் துண்டு வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

டெம்பர்டு கண்ணாடித் துண்டுகள் சீட்டின் மடிப்பு, பெல்ட் கொக்கி, பின் சீட்டை மடக்கும் கீல், ஸ்பீக்கர் கிரில் என்று எல்லா இடத்திலும் ஒளிந்துகொள்ளும். வண்டி குலுங்கக் குலுங்க வெளியே வரும். மாட்டியவரிடம் திரும்ப எடுத்துப்போய், பின் சீட்டின் அடிப்பகுதியைக் கழற்றி வேக்குவம் போடச் சொல்லுங்கள். வீட்டில் செய்வதானால் பெல்ட்டுகளை முழுதாக வெளியே இழுத்து ஈரத்துணியால் துடையுங்கள். பெல்ட் நாடாவில் சிக்கிய சின்னச் சில்லு நாளடைவில் நூலை அறுக்கும். அது முடியும்வரை குழந்தைகளை உட்கார வைக்கும் இடத்தில் தடித்த போர்வை ஒன்றை விரித்து, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் வெளியே உதறிவிடுங்கள்.